உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்

கிளைப்பேடா துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
முப்பது டன் கொள்கலனை
முட்டையை வைப்பதுபோலக் கப்பலில் வைப்பேன்.
வைடோட்டாஸுக்குக் கைநடுக்கமே கிடையாது என்று
மேற்பார்வையாளர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

வீட்டில் ஒரு பாத்திரமூடி விழுந்தால் போதும்,
குளியலறையில் ஸ்கிர்மாந்தே
சீப்பைத் தவறவிட்டால் போதும்,
என் கால்கள் தாமாகவே காலணியைத் தேடும்.

பழைய குடியிருப்பில் எங்களுடையது நான்காம் மாடி.
அப்பா ஏறிவர அறுபத்துநான்கு படிகள்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நின்று மூச்சு வாங்கினாரென்றால்
அன்றைக்குக் குடி கொஞ்சம்.
நிற்காமல் வந்தால்
அம்மா என்னைப் பார்ப்பாள்.

அந்தப் பார்வைக்கு ஒரு வேலை இருந்தது.
கத்திகளை அள்ளிப்போய்
உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் செருகவேண்டும்.
மொத்தம் ஐந்து.
ரொட்டிக் கத்தி நீளம், அது கடைசியில்.
எட்டு வயதில் மற்றப் பிள்ளைகள்
கூடைப்பந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல
இன்னும் எனக்கு வாய் வரவில்லை.
காயல் உறைந்த ஞாயிறுகளில்
மீன்பிடிக்கக் கூட்டிப்போவார்,
பனியில் துளையிடுவார்,
தன் கையுறையைக் கழற்றி எனக்கு மாட்டிவிடுவார்.
அதே கைதான்.

ஸ்கிர்மாந்தே சண்டை போடத் தெரிந்தவள்.
அவள் வீட்டில் எல்லாரும் கத்துவார்களாம்,
பிறகு ஒன்றாக உட்கார்ந்து
பீட்ரூட் சூப் குடிப்பார்களாம்.
வெளிநாட்டுச் செய்தி கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

மின்கட்டணத்துக்காக அவள் குரல் உயர்ந்தால்
நான் பால்கனியில் இருப்பேன்.
"ஒரே ஒரு தடவை திருப்பிக் கத்தேன்,
சுவரோடு குடித்தனம் நடத்துகிறேன்" என்பாள்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

அவளிடம் எப்படிச் சொல்ல,
என் தொண்டைக்குள் ஒருவர்
படியேறி வந்துகொண்டிருக்கிறார்,
திருப்பத்தில் நிற்கவில்லை என்று.

நவம்பரில் ஓர் இரவு
கிழங்கெடுக்கக் குனிந்தவள் கண்டாள்.
இந்த வீட்டில் மூன்று கத்திகள்தான்.
"யாருக்குப் பயந்து இங்கே வைத்தாய்? எனக்கா?"
சிரிக்கத்தான் பார்த்தாள்.

இல்லையென்று தலையாட்டினேன்.
என் வலக்கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்,
யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப்போல.

ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.
ஒன்று என்று எண்ணினேன்.
எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

அன்றிரவு ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
அவள் எதையும் கேட்கவில்லை.
நான்தான் ஐந்து கத்திகளையும்
அவற்றின் வரிசையையும்
வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள்.
அல்லது போயிருந்தாள்.
மேசையில் கறுப்பு ரொட்டி, காய்ந்த பக்கம் மேலே.
அருகில் ரொட்டிக் கத்தி,
கைப்பிடி என் நாற்காலியைப் பார்த்து.
தற்செயலாகவும் இருக்கலாம்.

நின்றுகொண்டே இருந்தேன்.
கீழே யாரோ படியேறும் சத்தம்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நின்று
மூச்சு வாங்கினார்கள்.