இருநூற்றுப் பதினேழு

படிவத்துக்கு அறுபது ரூபாய் எனக்கு.
அவனியாபுரத்தில் நானூற்றுப் பதிமூன்று வீடுகள்,
கதவு மூன்றுக்கு ஒன்றென்று
கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்தவை.
நாய் படுத்திருந்தாலும் அதே கதவுதான்.
பூட்டியிருந்தால் மூன்று தடவை போக வேண்டும்,
அதற்குத் தனிக் காசு கிடையாது.

ஒச்சம்மா வீட்டுக்கு மூன்றாம் தடவை போனது
சாயங்காலம் ஐந்தே காலுக்கு.
சம்மதக் கடிதத்தை வாசித்தேன்:
உங்கள் பெயர் எங்கும் வராது,
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.
“பேரு வந்தா என்னவாம்” என்றவள்
பெருவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு
முந்தானையில் துடைத்தாள்.

கேள்வி பதினான்கு.
நேற்று எத்தனை குடம் தண்ணீர் சுமந்தீர்கள்?

“முப்பத்தொண்ணு.”

டேப்லெட் சிவந்தது.
இருபத்தைந்துக்கு மேல் போனால்
அது சந்தேகப்படும்.
காது கேளாதவரிடம் கேட்பதுபோல
மறுபடி சத்தமாகக் கேட்டேன்.
அவள் எழுந்து கதவை இழுத்து
அதன் பின்பக்கத்துச் சுவரைக் காட்டினாள்.

கரிக்கோடுகள்.
நாளுக்கு ஒரு வரிசை.
நான்கு நிற்க, ஐந்தாவது குறுக்கே படுக்க,
நேற்றைய வரிசையில் ஐந்து கட்டும் ஓர் ஒற்றைக் கோடும்.
“முக்குல இருக்க மெஸ்ஸுக்கு இருபத்தாறு.
கொடத்துக்கு மூணு ரூவா.
அந்தாளு இருவதுன்னு சாதிப்பான், அதுக்குத்தேன் கோடு.”
மீதி ஐந்து?
“நம்ம வீட்டுக்கு. அதுக்கு எவ கோடு போடுறா?”

சனிக்கிழமை கணக்குத் தீர்ந்த பிறகே
அந்தச் சுவருக்கு ஈரத்துணி வரும்.

குறிப்பு என்ற கட்டத்தில்
எல்லாவற்றையும் எழுதினேன்.
மெஸ், கூலி, கரி, சனிக்கிழமை.
சிவப்பைத் தள்ளிவிட்டு
முப்பத்தொன்றை உள்ளே அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து
நாகமலைப் பக்கம் ஒரு குளிர்ந்த அறையில்
தரவைச் சுத்தம் செய்தார்கள்.
ஃபர்சானா மேடத்தைக் குறை சொல்ல மாட்டேன்,
என் பஸ் காசைத் தன் கையிலிருந்து கொடுத்தவர்.
“இந்த ஒரு புள்ளி
சராசரியையே இழுத்துட்டுப் போகுது.”
குறிப்பில் எழுதியிருக்கிறேன் மேடம் என்றேன்.
குறிப்புக் கட்டத்தை மென்பொருள் கொண்டுவராதாம்.
ஒரு பொத்தான்தான்.
பந்தியில் ஒருவர் எழுந்துபோனதும்
அடுத்தவர்கள் நகர்ந்து உட்காருவதுபோல
கீழிருந்த வரிகள் மேலே ஏறிக்கொண்டன.

அறிக்கை வந்தது.
வீடுகள் நானூற்றுப் பன்னிரண்டு,
சராசரி எட்டேகால் குடம்.
பெயர் எங்கும் வராது என்று கொடுத்த வாக்கை
அவள் விஷயத்தில்
கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றியிருந்தோம்.

இரண்டாம் சுற்று, சித்திரை வெயிலில்.
பட்டியல் இருநூற்றுப் பதினாறிலிருந்து
இருநூற்றுப் பதினெட்டுக்குத் தாவியது.
என் கால் தாவவில்லை.

மெஸ்ஸில் கொட்டிவிட்டுக்
காலிக் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.
“போன வருசம் சொன்னத என்ன பண்ணீக?”

திரையை அணைத்துப் பையில் போட்டேன்.
பதில் வரும் என்று அவளும் நிற்கவில்லை.
“கை ஈரமா இருக்கு.
அந்தா மாடத்துல கரி கெடக்கு பாரு,
இந்தக் கொடத்த நீ போடு.”

கதவுக்குப் பின்னால் குனிந்தேன்.
நான்கு கோடுகள் நின்றுகொண்டிருந்தன.
ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தேன்,
நேராக வரவில்லை.

தள்ளி நின்று
முதல் கோட்டிலிருந்து ஒருமுறை
உதடசைய எண்ணிப் பார்த்துவிட்டு
குடத்தை எடுத்தாள்.