முதல் பரிசு

உன் இடது காது எனக்குத் தெரியும், அக்சாமாய்.
தொலைக்காட்சியில் எல்லோரும் உன் கோட்டைப் பார்த்தார்கள்.
தேசிய மல்யுத்தச் சம்மேளனத்தின் நீலக் கோட்டு,
ஆண்களுக்கென்றே வெட்டியது,
பொத்தான்கள் எதிர்ப்பக்கம்.
தலைவர் நாற்காலியில் நீ உட்கார்ந்ததும்
கால் தரையைத் தொடாததைச் சிலர் பார்த்திருப்பார்கள்.
நான் காதைப் பார்த்தேன்.
பிடித்த கை விலகாமலே வெந்துவிட்ட கொழுக்கட்டை மாதிரி
மடங்கி இறுகிய காது.
அதை அப்படி மடித்தது என் தோள்.

நாரின் நகரம். சோவியத் கொடி இறங்கி ஏழாவது குளிர்காலம்.
பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம்,
உடைந்த ஜன்னலுக்கு அட்டை,
விரிப்பில் யார் யாருடைய வியர்வையோ உறைந்து கிடந்தது.
பெண்களுக்கான முதல் போட்டி என்று
கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
ஐந்து பேர் வந்தோம்.
ஒருத்தியை எடைப் பலகையிலிருந்தே
அப்பா இழுத்துக்கொண்டு போனார்.
முள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணனின் காலணிக்குள் நான் செய்தித்தாள் திணித்திருந்தேன்.
உனக்கு அதுவும் இல்லை, கம்பளிக் காலுறைதான்.
எங்கே கை வைத்து எங்களைப் பிரிப்பதென்று
நடுவருக்குத் தெரியவில்லை.
விசிலை ஊதிவிட்டு ஊதிவிட்டுச்
சுவரைப் பார்த்தார்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
எனக்கு மீசை கிடையாது.
மண் நேரே உதட்டில்.

ஆண்களில் வென்றவனுக்கு வாசலில் குதிரை நின்றது,
செம்பட்டை, நெற்றியில் வெள்ளை.
உனக்கு ஆறு கிண்ணத் தேநீர் செட்.
எனக்கு மூன்று மீட்டர் பூப்போட்ட சீட்டி.
பெட்டியைத் திறந்தாய், ஒரு கிண்ணம் உடைந்திருந்தது.
‘ஐந்து பேருக்கு ஊற்றலாம்’ என்றாய்
சிரிக்காமல்.
பிறகு வெளியே போய்
குதிரையின் கழுத்தில் கை வைத்தாய்,
பிடி போடுவதற்கு முன்
என் கழுத்தில் வைத்தது போலவே.

நீ போன தேசங்களின் பெயர்களை
என் மினிபஸ் பயணிகள் சொல்லக் கேட்டேன்.
நாரினிலிருந்து பிஷ்கெக், பிஷ்கெக்கிலிருந்து நாரின்.
இரண்டு பிள்ளைகள், மூன்று எஞ்சின்கள்.

தலைவரானதும் உன் முதல் கையெழுத்து:
பெண்களுக்கும் குதிரை.
இரண்டாவது: முப்பத்தாறாம் எண் காலணிகள், நாற்பது ஜோடி.
மூன்றாவது:
நாரின் பயிற்சிக்கூடம் மூடப்படுகிறது.

தொலைபேசியில் ஏசினேன். நீ வைக்கவில்லை.
‘வெப்பத்துக்குக் கட்டப் பணமில்லை, சூரகான்.’
‘கணக்கைக் காட்டு.’
‘வா, காட்டுகிறேன்.’
வந்தேன். காட்டினாய்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது,
அதுதான் இன்னும் எரிகிறது.

சனிக்கிழமைகளில் ஆறு பெண்களைக்
கணவாய் தாண்டிக் கொச்கோருக்கு ஏற்றிப் போகிறேன்.
டீசல் என்னுடையது.
உனக்குச் சொல்லவில்லை,
சொன்னால் நன்றி சொல்வாய்.

இந்த இலையுதிர் காலத்தில்
அறுபத்திரண்டு கிலோவில் அசில்கான் வென்றாள்.
என் ஆறு பேரில் ஒருத்தி இல்லை, தலைநகரத்துப் பெண்.
குதிரையை அரங்கத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள்.
அவள் இரண்டடி பின்வாங்கினாள்.
குதிரையும்.
கடிவாளத்தை, மின்கம்பி போல, இரு விரலால் பிடித்துக்கொண்டு
உன்னிடம் கேட்டாள்:
‘இதை எங்கே கட்டுவது?
எங்கள் வீடு நாலாம் மாடி.’

கூட்டம் முழுக்கச் சிரித்தது.
நீ சிரிக்கவில்லை.
கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாய்,
அதற்கு விதி ஏதும் எழுதியிருக்கவில்லை.
தலையைத் திருப்பியபோது
அந்தக் காது என் பக்கம் வந்தது.

கடைசி வரிசையில்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நான்.
பின்சீட்டுகளைக் கழற்றினால்
மினிபஸ்ஸில் ஒரு குதிரை நிற்குமா என்று
மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.