எச்சம்

சுவோமுஸ்ஸால்மியிலிருந்து காயானி மருத்துவமனைக்கு
நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
வழியில் இரண்டு கலைமான்கள்
ஹாரனைச் சட்டை செய்யாமல்
சாலையின் உப்பை நக்கிக்கொண்டிருந்தன.
யார்க்கோ பனி வாரும் வண்டி ஓட்டுபவன்.
காத்திருக்கத் தெரியும்.
ரீக்காவுக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேனிலேயே கேட்டுவிட்டாள்.
"இந்த வயதில் எல்லாருக்கும் ஒரே மொட்டுதான்.
சாய்வைப் பார்த்து ஊகிக்கலாம்.
ஊகத்துக்கு எனக்குச் சம்பளம் கிடையாது"
என்றாள் பிர்யோ, ஜெல்லைத் துடைத்தபடி.

இது இருபதாம் வாரம், நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டு.
நம்மூர் ஸ்கேன் அறையின் எச்சரிக்கைப் பலகை
இங்கே சுவரில் இல்லை,
கேட்டால் சொல்வார்கள்.
ஆனால் பிர்யோ அவசரப்படவில்லை.
இதயத்தின் நான்கு அறைகள்,
இரண்டு சிறுநீரகங்கள்,
கோத்து வைத்த மணிபோல் முதுகெலும்பு,
தொடையெலும்பு மூன்று சென்டிமீட்டர் சொச்சம்.
அதற்கப்புறம்தான் அங்கே போனாள்.

கால்மேல் கால் போட்டு
விடுப்பு விண்ணப்பத்தை மறுக்கும் அதிகாரிபோல
உட்கார்ந்திருந்தது.

ரீக்காவை எழுப்பி, சில்லென்று புளூபெர்ரி ஜூஸ் கொடுத்து,
தாழ்வாரத்தில் இரண்டு சுற்று நடக்கவிட்டு,
இருமச் சொல்லி, மறுபடி படுக்கவைத்தார்கள்.
அந்த நேரம் பார்த்து யார்க்கோ எழுந்தான்.
"எனக்கு வேண்டாம்."
"ஏன்?"
"ஹெட்லைட் காட்டுகிற தூரம் போதும் எனக்கு."
வெளியே போய்க் காப்பி மெஷின் முன்னால் நின்றான்,
சில்லறை இல்லாமல்.

கால் விலகியது.
பிர்யோ ஒரே ஒரு சொல் சொன்னாள்.

அவர்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும்
ஹேன் என்று ஒரே சொல்.
பேச்சில் அதுவும் தேய்ந்து ஸே ஆகிவிடும்.
நாய், குழந்தை, பழுதான டிராக்டர்
எல்லாம் ஸேதான்.
ஆகவே ரீக்கா தாராளமாகப் பேசினாள், ஐந்து மாதம்:
ஸே உதைக்கிறது, ஸே விக்குகிறது,
ஸேக்கு உன் அக்காளின் பிடிவாதம்.
யார்க்கோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.
ஒரு வாக்கியமும் தவறி விழவில்லை.
அவள் பின்னிய காலுறை பாசி நிறம்.
அரசு அனுப்பிய பிரசவப் பெட்டியும் கைவிட்டது:
சாம்பல், மஞ்சள், நரி படம் போட்ட போர்வை.

வேண்டாம் என்றவனுக்கு எதற்கு இந்தத் துப்பறிதல்?
யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் சானாவின் இருட்டில்
அவனே சொன்னான்:
"அன்றைக்குக் கதவு சரியாகச் சாத்தவில்லை.
எதிர் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் திரை தெரிந்தது."
ரீக்காவுக்கு மூச்சு நின்றது.
"என்ன பார்த்தாய்?"
"ஒரு உள்ளங்கால்.
இவ்வளவுதான் இருக்கும்" என்று
கட்டைவிரல் நுனியைக் காட்டினான்.
அவளுக்குப் பொறாமையாக இருந்ததாம்.
கால் விலக வேண்டுமென்று
பார்த்துக்கொண்டிருந்தவள்
காலைப் பார்க்கவே இல்லை.

சிக்கல் எனக்குத்தான்.
தாங்க முடியாமல் என்னிடம் சொல்லிவிட்டாள்,
சூப்பர்மார்க்கெட்டில், உறைந்த மீன்களுக்கு நடுவே.
என் மொழியிலோ வினை முற்றினால்
பால் வெளியே வந்துவிடும்.
யார்க்கோ இதைப் படிக்கப்போவதில்லை.
இருந்தாலும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
அதனால் இதை முடிக்காமல்,

ஏரி இன்னும் உருகாத ஏப்ரலில்
அதே நூற்றுப்பத்து கிலோமீட்டர் கடந்து,
தலை திரும்பி, தோள் நழுவி,
வெளிச்சத்துக்கு முகம் சுளித்து,
யார்க்கோவின் சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்து,
விரல்களை எண்ணக் குனிந்த அவன் மூக்கில்
அந்த உள்ளங்காலால் ஒரு உதை விட்டு,
பால் கேட்டு,
பால் கேட்டு