எழுத்துக்கு ஓரணா

லண்டனிலிருந்து தந்தி.
கல்லின் மேல்பாதியில் இங்கிலீஷில் பதினோரு வரி,
கீழே தமிழில் சுருக்கமாக ஏதாவது.
தமிழுக்கு மிஞ்சிய பணம் நாலு ரூபாய்.
பத்தொன்பது வருஷம் அவர் பேரேட்டை எழுதிய கை
இதையும் எழுதட்டும் என்று
கச்சேரியில் என்னைக் கைகாட்டி விட்டார்கள்.

கல்தச்சன் எழுத்துக்கு ஓரணா கேட்டான்.
புள்ளிக்குமா என்றேன்.
"புள்ளிதானய்யா கஷ்டம். உளி சறுக்கினால் கல் பொரிந்துவிடும்.
அதுக்குக் காலணா கூட."

ஹியூபர்ட் டான்ஸ்லி.
நாலு புள்ளி. முதல் எழுத்து அவனுக்கு வெட்டவே வராதாம்.
கீழக்கரைக் குளியாட்கள் கூப்பிட்டபடியே
தாஞ்சிலி என்று எழுதினேன். ஒரு புள்ளி.
அந்தப் பெயருக்குத்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

இருபத்தாறு வயதில் உப்புக் கப்பலில் வந்தவர்,
ஒரு டிரங்குப் பெட்டி, வெயிலுக்கு ஆகாத கம்பளிக் கோட்டு.
முதலில் கற்ற தமிழ் எல்லாம் வசவு.
பிறகு எண்கள்.
சங்கை நூறு நூறாக எண்ணுவார்,
எண்ணும்போது உதடு அசையாது.
வளையலுக்கென்று கல்கத்தாவுக்கு மூட்டை மூட்டையாய்ப் போனது.

குளியாள் கொண்டுவரும் சங்கை
ஒரு மரவளையத்தில் விட்டுப் பார்ப்போம்.
நின்றால் முழு விலை.
நுழைந்தால் பிஞ்சு, கால் விலை.
கம்பெனி வளையம்
சர்க்கார் வளையத்தைவிட ஒரு நெல்லளவு அகலம்.
செதுக்கியது யார் என்று எனக்குத் தெரியாது.
அகலம் எனக்குத் தெரியும்.

பிற்பாடு சர்க்கார் அவரைத் துறைமுக சூப்பிரண்டு ஆக்கியது,
ஆனரரி மாஜிஸ்திரேட்டும் ஆக்கியது.
கம்பெனியை மச்சினன் பேருக்கு மாற்றினார்.
காகிதம் எழுதியவன் நான்.

ஒரு புதன்கிழமை பக்கீர் நெய்னா
மேஜைமேல் இரண்டு வளையமும் ஒரு சங்கும் வைத்தான்.
மூக்கிலும் காதிலும் ரத்தம் காய்ந்த ஆள்.
பேசவில்லை.
துரை எழுந்துவந்து தன் கையாலேயே விட்டுப் பார்த்தார்.
ஒன்றில் நின்றது, ஒன்றில் விழுந்தது.
மறுபடியும். மறுபடியும்.
பங்கா இழுப்பவன் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

கம்பெனிக்குப் பதினைந்து ரூபாய் அபராதம்.

அன்று சாயங்காலம் கம்பெனிப் பெட்டியிலிருந்து பதினைந்து எடுத்தார்,
மறுநாள் காலை கச்சேரியில் பெற்றுக்கொண்டு ரசீது போட்டார்.
இரண்டு ஏட்டிலும் என் எழுத்து.
அந்த நெல்லளவு ஒன்பது வருஷத்தில்
எவ்வளவு சம்பாதித்தது என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
கேட்காதபோது சொல்கிற சம்பளமும் எனக்கு இல்லை.

இங்கிலீஷ் வரிகளில் விளக்குத் தூண் இருக்கிறது,
நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது,
ஆறு கட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது.
அதில் ஒரு கட்டில், சன்னலோரம்,
காது வெடித்தவர்களுக்கு மட்டும் என்று
அவர் வாய்மொழியாகப் போட்ட உத்தரவு இல்லை.
அதற்குக் காரணம் யாரிடமும் சொன்னதில்லை.
நெய்னாவுக்கு அந்தப் பணம் திரும்பியதும் இல்லை.

அப்பா தீவிலிருந்து வரும்போது கச்சான் எதிர்த்தது,
படகிலேயே காய்ச்சல் கண்டு
இருபத்தைந்து வருஷத் தமிழ் ஒரு மணி நேரத்தில் அவரை விட்டுப் போனது.
நிறையப் பேசினாராம்.
தண்டு வலித்தவர்களுக்குப் புரிந்தது
தண்ணீர் என்பது மட்டும்.

வியாபாரி: நாலெழுத்து, புள்ளியில்லை.
நீதிபதி: நாலெழுத்து, புள்ளியில்லை.
நாலணா, நாலணா.
பற்றும் வரவும் இவ்வளவு சுத்தமாக நேர்பட்டு
என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.
தனக்கே அபராதம் போட்டவர் என்று ஒரு வரி சேர்த்தேன்,
கச்சேரியில் அடித்துவிட்டார்கள்.

ஆக, பணம் மிஞ்சிவிட்டது.
திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஒரு கணக்கு எழுத வேண்டும்.
"சும்மா ஒரு வட்டம் போடு" என்றேன்,
"ஒரு சங்கு நுழைகிற அளவுக்கு."

கல்தச்சன் எங்கள் ஊர்க்காரன், அவன் தம்பி குளியாள்.
உளியைக் கீழே வைத்தான்.
"நுழைகிற அளவா, நிற்கிற அளவா?"

கல் இன்னும் வெயிலில் கிடக்கிறது.