மூன்று விரல்

மேலப்பாளையம் பழைய இரும்புக் கடையில்
பித்தளைக் குழாயோடு சேர்த்து நிறுத்தார் பக்கீர் மைதீன்.
'மோகினிப் பண்ணை', இசைத்தட்டு.
பேட்டையில் காலைக்காட்சி மட்டும்
நாலு நாள் ஓடிய படம்.
உறையில் சாயம்போன ரத்தம்.
நாயகியின் கன்னத்தில் யாரோ
ரேஷன் பாக்கி கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் பக்கம், கொலைக்குச் சற்று முன்
ஒரு டிரம்பெட்
வாளித் தண்ணீரில் சொட்டுநீலம்போல் இறங்கும்.
அதற்காகத்தான்
புளியங்குடி வள்ளியூர் களக்காடு என்று
மூடிப்போன சவுண்ட் சர்வீஸ் கிடங்குகளில்
எலிப்புழுக்கை தட்டினேன், பதினோரு வருசம்.

ஊதியவர் பெயர் உறையில் இல்லை.
பாளையங்கோட்டையில் ஒரு வீட்டைக் கைகாட்டினார்கள்.
ஆசீர் ஞானசிகாமணி, சர்ச் பேண்டு.
"நானா? கர்த்தருக்கு மட்டுந்தான்வே ஊதினேன்.
வேற சோலி இல்லையா உமக்கு?"
அவர் மனைவி முறுக்குத் தட்டை வைத்துவிட்டு
உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

போனில் போட்டேன், சத்தம் குறைத்து.
அவர் ஜன்னலுக்கு வெளியே
யாருடைய ஸ்கூட்டரையோ பார்த்துக்கொண்டிருந்தார்.
மேசைவிரிப்பில் மட்டும்
வலக்கை விரல்கள் மூன்று
இறங்கின, ஏறின,
கத்தி விழும் இடத்தில்
தட்டை முந்திவிட்டன.

"அங்க பிந்திட்டான், பாவி"
என்றார்
முறுக்கை ஒடித்தபடி.