எண்ணெய்க் கறை

ஞாயிறு காலை ஐந்தரைக்கு
விளக்குத்தூண் பக்கம் வந்து பாருங்கள்.
கடைத்தெரு ஷட்டர்களை இறக்கிவிட்டு
முதுகு காட்டிப் படுத்திருக்கும்.

நாங்கள் பதினோரு பேர்.
பச்சை டீசர்ட், சுரண்டி, வாளி,
நன்கொடையாக வந்த மூன்று டப்பா நீலம்,
யாருக்கும் பிடிக்காத ஒரு டப்பா சந்தன நிறம்.

முதலில் சுவரொட்டி.
எங்கள் ஊரில் சுவரைக் கட்டுவது பாதி கொத்தனார்,
மீதி பசை.
காதணி விழாவைச் சுரண்டினால்
அடியில் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி.
அதற்கும் அடியில் அதே ஆள்
கூலிங்கிளாஸ் போட்டுப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்.
"இன்னும் நாலு சுரண்டு சுரண்டுனா
தொட்டில்ல கெடப்பான்" என்றார் சுப்புராம்,
ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை.

நாலு விரற்கடை ஆழத்தில்
ஒரு கல்தூண் அகப்பட்டது.
இங்கே தூண் இருந்ததா என்று கேட்டார்
முப்பது வருஷமாக அதில்
பித்தளைக் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டவர்.

மூலையில் மூத்திர வாடை.
சாமி படம் வரையலாம் என்றார்கள் சிலர்.
எல்லா மதத்துச் சாமியும் என்றார்கள் வேறு சிலர்.
ஷாஜகான், லாரிப் பலகைகளில் பெயர் எழுதுகிறவர்,
"சாமிய எதுக்கு இங்க நிக்க வைக்கணும்,
ஒரு லைட்டப் போடுங்க" என்றார்.
போட்டோம்.
ஆட்கள் பத்தடி தள்ளிப் போய்விட்டார்கள்.
அங்கே இன்னும் லைட் இல்லை.

ஆறரைக்கு மாநகராட்சி வண்டியோடு வந்த முத்திருளாயி
நாங்கள் கூட்டிவைத்த குவியலைப் பார்த்தார்.
எங்கள் செல்போன்களையும் பார்த்தார்.
"நாங்க தெனமும் கூட்டுறோம்" என்றார்.
கோபமில்லை.
மழை வர்ற மாதிரி இருக்கு என்று சொல்வார்களே,
அந்தக் குரல்.
அதற்குப் பிறகு துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்பதே
எனக்கு மறந்துபோயிற்று.

குடோன் சுவரில்தான் அந்தக் கறைகள்.
தரையிலிருந்து இரண்டே முக்கால் அடியில்
வரிசையாக ஆறு,
ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.
டீசல் என்றார் ஒருவர், ஓதம் என்றார் ஒருவர்.
சோப்புத் தண்ணீர், உப்புத்தாள்,
அப்புறம் இரண்டு கோட்டு நீலம்.
நீலத்தின் மேல் ரெபேக்காள்
தெப்பக்குளம் வரைந்தாள்.
மைய மண்டபம், தண்ணீரில் அதன் தலைகீழ்,
படிக்கட்டில் ஒரே ஒரு ஆடு.
கைதட்டினோம். பருத்திப்பால் குடித்தோம்.

சனிக்கிழமை மதியம் சீட்டு வசூலுக்கு அந்த வழியாகப் போனேன்.
வெயில் தெருவை நீளவாக்கில் கிழித்துப் போட்டிருந்தது.
நிழல் துண்டில் ஆறு பேர்
காலை நீட்டி, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
துணிப் பேல் சுமக்கிறவர்கள்.
தலைத்துண்டு மடியில்,
பின்தலை தெப்பக்குளத்தில்.

என் நிழல் பட்டோ என்னவோ ஒருவர் விழித்தார்.
எழுந்திருக்கப் போனார்.
"படம் அழிஞ்சிருமேன்னு மூணு நாளு
நின்னுக்கிட்டேதான் இருந்தோம்க்கா.
நாலாம் நாளு முடியல."

மறுநாள் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன்.
ஷாஜகான் தன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சுப்புராம் ஏற்கெனவே தகட்டில் எழுத்து வெட்டி வந்திருந்தார்:
சுவரில் சாயாதீர்.
சந்தன நிறத்துக்கு வேலை வந்துவிட்டது என்று
யாரோ சிரித்தார்கள்.
அந்த வழியாகப் போகிறவள் என்று
தகட்டை என்னிடமே தந்தார்கள்.

திங்கள் மதியம், பையில் தகடும் டப்பாவும்.
கறைகள் திரும்ப வரத் தொடங்கியிருந்தன,
தண்ணீரில் மண்டபத்தின் நிழல் விழும் இடத்தில்
நல்லெண்ணெய் மினுமினுப்போடு.
எங்கே அடிப்பது என்று பார்க்க உட்கார்ந்தேன்.
பார்க்கத்தான் சாய்ந்தேன்.
சுவர் அப்படிக் குளிர்ந்திருந்தது.
இரண்டு வருஷம் இந்தச் சுவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்,
தொட்டதெல்லாம் சுரண்டியால்.

"அங்கிட்டு மூணு மணிக்கு வெயில் ஏறிரும்,
இங்கிட்டு வாங்க" என்று
கண்ணைத் திறக்காமலே சொன்ன ஒச்சப்பன்
குளத்துக்குள் கொஞ்சம்
நகர்ந்துகொண்டார்.