புதுவயல் கணக்கு

சுவரில் பதினேழு ஆணி ஓட்டை.
வீட்டுக்காரர் சாத்தப்பன் விரல் வைத்து எண்ணினார்.
பதினெட்டாவதாக ஒன்றையும் கண்டுபிடித்தார்.
அது நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது.
சொல்லவில்லை.
வெள்ளையடிக்க ஆறாயிரம் பிடித்துக்கொண்டு
அட்வான்ஸில் மீதியை
எச்சில் தொட்டு எண்ணித் தந்தார்.

செக்காலையில் எட்டாயிரத்து ஐந்நூறாக இருந்த வாடகை
காரைக்குடி மாநகராட்சி ஆனதும்
பன்னிரண்டு.
"நான் என்ன செய்ய, ஊரு வளருதுல்லம்மா."
வளர்ந்ததுதான்.
பதினொரு வருஷமாக உள்ளே இருந்தவர்களை
முழங்கையால் இடித்துக்கொண்டு.

குட்டியானையில் ஒரே நடை.
பீரோ படுத்துக்கொண்டு வந்தது, ஃப்ரிட்ஜ் நின்றுகொண்டு.
சேவுகனும் தர்ஷிகாவும் பைக்கில் முன்னால்.
டிரைவர் பக்கத்தில் நான், மடியில் மிக்ஸி.
கோட்டையூர் தாண்டும்போது கேட்டான்,
"எதுக்கக்கா புதுவயலு, சொந்தக்காரங்க இருக்காகளா?"
"ஆமா" என்றேன்.
மாசம் ஏழாயிரம் ரூபாய் மிச்சம்
சொந்தமில்லாமல் வேறென்ன.

வீட்டுக்குப் பின்னால் அரிசி மில்.
விடிவதற்குள் அவியும் நெல்லின் வாடை
ஜன்னல் திரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
கொடியில் காயும் பள்ளிச் சட்டையில்
உமிச் சாம்பல்,
கறுப்புப் பொடிக் கையெழுத்து.
தட்டினால் போகும், தேய்த்தால் போகாது.
இதைக் கற்றுக்கொள்ள ஒரு சட்டை செலவு.

ராத்திரி சிலிண்டர் ரசீதின் பின்பக்கம்
சேவுகன் கணக்குப் போட்டான்.
பெட்ரோல் இரண்டாயிரத்து நூறு.
வேன் ஆயிரத்து இருநூறு.
எனக்கு டவுன் பஸ் இலவசம்;
அந்தச் சைபரை மட்டும் பெரிதாக எழுதி
சுற்றி வட்டம் போட்டான்.

கணக்கில் வராதது தண்ணீர்.
சம்பை ஊற்றுத் தண்ணீரை
பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் நான் மெச்சியதில்லை.
குழாயைத் திறந்தேன், குடித்தேன், மூடினேன்.
இங்கே முதல் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்,
"தூள மாத்திட்டியா?"

இப்போது ஸ்கேன் சென்டரில்
கடைசி ரசீது போட்டு முடித்ததும்
இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு,
சாப்பாட்டுப் பைக்குள் படுக்கவைத்து,
மேலே துப்பட்டா.
திருட்டு ஒன்றுமில்லை.
ஆனாலும் மேனேஜர் போன பிறகுதான்.

அதே பஸ்ஸில் தினமும் ஒருத்தி,
நகைக் கடைச் சீருடை, கனத்த பை.
அவளும் என்னைப் பார்ப்பதில்லை,
நானும் அவளை.
நேற்று கோட்டையூர் வளைவில்
மாடு குறுக்கே வந்து டிரைவர் மிதித்த மிதியில்
இருவர் பையும் சரிந்து
நாலு பாட்டில் உருண்டன,
கண்டக்டர் காலடி வரைக்கும்.

எது யாருடையது?
எல்லாவற்றிலும் அதே நீல மூடி.
குனிந்து பொறுக்கி ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம்.
அவள்தான் முதலில்,
"கழனிவாசல்."
"செக்காலை" என்றேன்.
இரண்டு பேருமே அங்கே இல்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல
காத்து அந்தப் பக்கம் திரும்பிரும்.
வெள்ளத் துணிய அப்பக் காயப்போடுங்க."

ரெண்டு மணிக்கு நான் வேலையில் இருப்பேன்.
அவளும்தான்.
தலையாட்டினேன்.